கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க

அக்டோபர் 4, வெள்ளி

மதியம் ரெக்ஸ் மஸ்கட்டிலிருந்து பேசினான். சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. "அம்மா, ஒரு விஷயம், நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடணும்" என்று ஆரம்பித்தான். இந்த வாக்கியத்தில் தொடங்கிய எந்தப் பேச்சும் இதுவரை எனக்கு நன்மையாக முடிந்ததில்லை.

என் கணவரின் தங்கை பவுலீனா நாளைக்கு வருகிறாளாம். பாளையங்கோட்டையில் கன்னியர்கள் நடத்தும் ஒரு பெண்கள் விடுதியில் நாற்பது வருடம் சமையல் செய்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வயிற்றில் ஏதோ கட்டி. சிஸ்டர்கள் ரெக்ஸுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவனும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தூத்துக்குடிக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டான்.

"எத்தன நாளைக்கு?" என்றேன்.

"கொஞ்ச நாளைக்குத்தாம்மா."

"கொஞ்சம்னா?"

"அம்மா, ப்ளீஸ், அட்ஜஸ்ட் பண்ணுங்கம்மா."

ஒரு சொல்லுக்கு என்ன வேலையோ அதை மட்டும்தான் அது செய்ய வேண்டும் என்பார் எங்கள் கான்வென்ட்டில் ஆங்கிலம் நடத்திய மதர் ஆன்செல்ம். அவர் சொல்லித்தந்தபடி அட்ஜஸ்ட் செய்ய வேண்டியவை கடிகாரத்தின் முள், தையல் மெஷினின் நூல் இறுக்கம், நுண்ணோக்கியின் குழாய். அதாவது திருகாணி உள்ள பொருள்கள். எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. உடம்பில் எங்கேயும் திருகாணி இல்லை.

பக்கத்து அறையை ஒழித்து, கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு வைத்தேன். வருகிறவள் வரட்டும்.

அக்டோபர் 5, சனி

வந்துவிட்டாள். ஆட்டோவிலிருந்து முதலில் இறங்கியது ஒரு அலுமினியச் சட்டி. அறுபது பேருக்குச் சாம்பார் வைக்கலாம். அதற்குப் பிறகு ஒரு தலையணை, ஒரு ரேடியோ, ஒரு துணிப்பை. கடைசியில் பவுலீனா. பாதியாக இளைத்திருக்கிறாள். சத்தம் மட்டும் இளைக்கவில்லை.

"மைனி! அப்படியே இருக்கியளே, அன்னைக்குப் பாத்த மாதிரி!"

"இந்தச் சட்டி எதுக்கு?"

"பழகிட்டு மைனி. விட்டுட்டு வர மனசில்ல."

சட்டி சமையலறை அலமாரி எதிலும் நுழையவில்லை. கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து அறையைக் காட்டினேன். எட்டிப் பார்த்து, "நல்லாருக்கு மைனி" என்று சொல்லிவிட்டு, பாயை எடுத்து வந்து என் கட்டிலை ஒட்டித் தரையில் விரித்துக்கொண்டாள். கட்டில் இருக்கிறதே என்றேன். "இங்கன நல்லாக் காத்து வருது" என்கிறாள். மின்விசிறி இரண்டு அறையிலும் ஒரே மாதிரிதான் சுற்றுகிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

கோவிலில் வலது பக்கம் மூன்றாவது பெஞ்சின் ஓரம், இருபது வருடமாக என் இடம். இன்று நற்செய்தி வாசிக்கும் நேரத்தில் ஒருத்தி நான்கு பிள்ளைகளோடு வந்து, "ஆச்சி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்களேன்" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இடுப்பால் ஒரு தள்ளு.

திரும்பும் வழியில் தையல்கடை. ரவிக்கையின் கை இறுக்கம். தையல்காரர், "ரெண்டு தடவ போட்டா அட்ஜஸ்ட் ஆயிரும் ஆச்சி" என்றார். ரவிக்கை தளருமா, நான் மெலிவேனா என்று கேட்டேன். "ரெண்டும் நடக்கும்" என்று முகத்தைத் தூக்காமல் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் பவுலீனா குழம்பு வைத்திருக்கிறாள். வாயில் வைக்க முடியாத உப்பு.

"கை தவறிட்டு மைனி. கொஞ்சம் சோறு கூடப் போட்டு அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க."

தள்ளி உட்கார், பேசாமல் போ, வாயை மூடிக்கொண்டு தின்னு. ஒரே நாளில் ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தம். என் அகராதியில் தேடிப் பார்த்தேன். இவற்றில் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 9, புதன்

பவுலீனாவை டாக்டரிடம் அழைத்துப் போனேன். என்னை மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டார். கட்டி ஈரலுக்கும் பரவிவிட்டதாம். ஆபரேஷனால் பயனில்லை. வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், வலி கூடக்கூட மருந்தின் அளவை அட்ஜஸ்ட் செய்து தருகிறேன் என்றார். ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம்.

இந்த வாரத்தில் அந்தச் சொல்லைச் சரியான பொருளில் சொன்னவர் அவர் ஒருவர்தான். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

ஆட்டோவில், "டாக்டர் என்ன சொன்னாவ மைனி?" என்றாள்.

"மருந்து எழுதியிருக்காரு."

"கருவாடு திங்கலாமா?"

"என்ன வேணும்னாலும் சாப்பிடலாம்னு சொன்னாரு."

"அப்ப நல்லா முத்திட்டு. என்ன மைனி?"

எனக்குப் பொய் சொல்ல வராது. வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ரோடெல்லாம் பள்ளம்.

அக்டோபர் 11, வெள்ளி

நெத்திலிக் கருவாடு வாங்கினேன். கடைக்காரர் பழக்கமானவர், வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. வீடு முழுக்க வாடை. ஜன்னல் திரைகளைத் துவைக்கப் போட வேண்டும்.

அக்டோபர் 15, செவ்வாய்

பங்குச் சாமியார் ஃபாதர் ஜெனிஸ்டன் வந்தார். சின்ன வயசு. நாற்காலி நுனியில் உட்கார்ந்ததைப் பார்த்தவுடனே இது சும்மா வந்த வருகை இல்லை என்று தெரிந்துவிட்டது. டீயும் பிஸ்கட்டும் வைத்தேன்.

"அம்மா, ரெக்ஸ் அண்ணன் போன் பண்ணாங்க. பவுலீனா ஆச்சி விஷயமா."

"சொல்லுங்க."

"அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, புதுக் கல்லறைக்குக் கொண்டு போறத விட, ஒங்க குழியிலயே வச்சா… கூடப்பொறந்த அண்ணன் பக்கத்துல இருப்பாங்க. நீங்க மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணீங்கன்னா."

என் காதில் சரியாகத்தான் விழுந்தது. இருந்தாலும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

விஷயம் இதுதான். கோவிலுக்குப் பின்னால் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்தில் புதிதாகக் குழி வெட்ட இடம் கிடையாது. ஏற்கெனவே குடும்பக் கல்லறை வைத்திருப்பவர்கள் மட்டும் அதே குழியைத் திறந்து அடுத்தவரை அடக்கலாம். ஒரு முறை திறந்தால் பன்னிரண்டு வருடத்துக்கு மறுபடி திறக்கக் கூடாது என்பது பங்குப் பேரவை வைத்த விதி. இங்கே உப்பு மண், எதுவும் சீக்கிரம் மக்குவதில்லை. மற்றவர்கள் எல்லாருக்கும் பைபாஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதுக் கல்லறைத் தோட்டம்.

என் கணவர் அலோசியஸ் மச்சாடோ போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. அடுத்தது நான். கல்லில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் பிறந்த தேதியையும் வெட்டி வைத்தாயிற்று. இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. ரெக்ஸிடம் விட்டால் எழுத்துப் பிழையோடு வெட்ட வைப்பான் என்று நானே முன்நின்று செய்த வேலை அது.

"அப்ப நான் எங்க போக ஃபாதர்?"

"நீங்க நல்லா ஆரோக்கியமா இருக்கீங்கம்மா. பன்னெண்டு வருஷங்கிறது சட்டுன்னு ஓடிரும்."

"எனக்கு இப்ப எழுவத்தெட்டு. நான் எப்பச் சாவணும்னு டைம்டேபிள் போட்டுக்கிட்டே வந்திருக்கீங்களா?"

பிஸ்கட் டீக்குள் விழுந்துவிட்டது. அதை விரலால் எடுப்பதா வேண்டாமா என்று தவித்தார்.

"அதுக்குள்ள அப்படி ஏதாவது ஆச்சுன்னா, புதுக் கல்லறையில மொத வரிசையில ஒங்களுக்கு…"

"மொத வரிசையா? அங்க என்ன நாடகமா நடக்கு, முன்னாடி ஒக்காந்து பாக்க?"

எழுந்துவிட்டார். முடியாது என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினேன். உள்ளே பவுலீனாவின் ரேடியோ நின்றிருந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

அக்டோபர் 16, புதன்

ரெக்ஸைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது வெறும் எடந்தானம்மா" என்றான்.

வெறும் இடம்.

நான் கல்யாணமாகி வந்த வீட்டில் மூன்று அறைக்குப் பதினோரு பேர். எங்கள் அறைக்குக் குறுக்கே ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் என் மாமியாரின் அம்மாவும் பவுலீனாவும். என் கணவர் என்னிடம் மெதுவாக, "சாப்பிட்டியா ஹில்டா?" என்று கேட்பார். "மைனி அப்பவே சாப்பிட்டாச்சுண்ணே" என்று சேலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். "தலைவலி எப்படி இருக்கு?" என்பார். "மைனிக்குத் தேவலைண்ணே." நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. புதுப் பெண்ணிடம் புருஷன் கேட்கிற எல்லாக் கேள்விக்கும் அந்த வீட்டில் வேறு யாராவது பதில் வைத்திருந்தார்கள்.

என் அப்பாவிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்த நாலைந்து ஆங்கிலச் சொற்களில் இதுவும் ஒன்று. "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றார்.

பிறகு என் கணவருக்குத் துறைமுகத்தில் இரவு ஷிப்ட். பிறகு ரெக்ஸ். பிறகு மாமனாருக்குப் பக்கவாதம், மாமியார் ஒன்பது வருடம் படுக்கை. நாங்கள் சொந்தமாக ஒரு வீடு கட்டி, படுக்கையறைக்கு ஒரு கதவு வைத்தபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. ஆறே வருடத்தில் போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் அந்த இடத்தை வாங்கிய அன்று சொன்னார், "இங்க நீயும் நானும் மட்டுந்தான் ஹில்டா. ஒருத்தரும் குறுக்க வர மாட்டாக."

இதை மஸ்கட்டுக்குப் போனில் எப்படிச் சொல்வது? "முடியாது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 19, சனி

விடாத மழை. புது கேஸ் சிலிண்டர் வரவில்லை. முத்துக்கனி வேலைக்கு வர நேரமாகும் என்று சொல்லி அனுப்பினாள்.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் பவுலீனா அந்தப் பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டாள். இருக்கிற கேஸையெல்லாம் தீர்த்து இருபது பேருக்குச் சாம்பார். யார் சாப்பிடுவது என்று கேட்டேன். "கொஞ்சமா வைக்கத் தெரியாது மைனி. கை கேக்க மாட்டேங்கு." தெருவில் ஏழு வீட்டுக்கு முத்துக்கனி தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். எதிர்வீட்டில் இருபது வருடமாக இருக்கிறார்கள். இன்றுதான் அந்த அம்மாள் என் வீட்டு வாசலில் நின்று பேசினார். சாம்பார் பிரமாதமாம். நான் வைத்தது இல்லை என்று திருத்தினேன்.

வேலை முடிந்ததும் பவுலீனாவால் எழுந்து நிற்க முடியவில்லை. நானும் முத்துக்கனியும் பிடித்துக் கொண்டுவந்தோம். இனிமேல் தரையில் படுக்கக் கூடாது என்று சொல்லி, பக்கத்து அறைக் கட்டிலை என் அறைக்கு இழுத்துப் போட வைத்தேன். மருந்து கொடுக்க ஒவ்வொரு முறையும் குனிய என் இடுப்பு இடம் கொடுக்காது. அதற்காகத்தான்.

அக்டோபர் 22, செவ்வாய்

மழை. மதியம் கரண்ட் போய்விட்டது. பவுலீனாவுக்கு வலி. மருந்து கொடுத்துவிட்டு, கொசு கடிக்காமல் இருக்கக் கைவிசிறியால் வீசிக்கொண்டிருந்தேன்.

"மைனி, ஃபாதர்கிட்ட நீங்க சொன்னது சரிதான். அது ஒங்க எடம்."

"ஒட்டுக் கேட்டியா?"

"காது இருக்கே, என்ன செய்ய?"

"ரேடியோவ வச்சிருக்கல்லா, அதக் கேக்க வேண்டியதுதான."

"ரேடியோவ விட நீங்க பேசுனதுதான் நல்லாருந்திச்சு. டைம்டேபிளு!" என்று சிரித்தாள். "எங்க போட்டாலும் மண்ணுதான மைனி. ரெக்ஸ் பய எதுக்குப் போன் போட்டுக் கேட்டான்னே தெரியல."

"அதான்" என்றேன்.

தூங்கிவிட்டாள் என்று நினைத்து விசிறியைக் கீழே வைத்தேன்.

"அந்தப் புதுக் கல்லறையில எனக்கு ஒருத்தரையும் தெரியாதே" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"செத்த பெறவு தெரிஞ்சி என்ன ஆவப்போவுது?"

"அதுவும் சரிதான். ஆனா நான் தனியாப் படுத்ததே இல்ல மைனி. சின்னதுல ஆச்சிகூட. ஹாஸ்டலுக்குப் போனப்பெறவு ஹால்ல புள்ளயளோட. முழிச்சிப் பாத்தா பக்கத்துல யாராச்சும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"கல்லறையில எவ மூச்சு விடுதா?" என்றேன்.

அதற்கும் சிரித்தாள். சிரித்தால் வயிறு வலிக்கிறது என்று தெரிந்தும் சிரிக்கிறாள். இப்படிப்பட்டவளை என்ன செய்வது?

கரண்ட் ஐந்து மணிக்கு வந்தது. என் வலது கை தோள்வரை கடுக்கிறது.

அக்டோபர் 23, புதன்

மழை. எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

பூசைக்குப் பிறகு ஆட்டோ பிடித்துப் புதுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வந்தேன். மழைத் தண்ணீர் வடிகிறதா என்று பார்க்கத்தான். எனக்கே நாளைக்குத் தேவைப்படலாம் அல்லவா?

தண்ணீர் வடிகிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. சுற்றிலும் உப்பளம். தார்ப்பாய் போட்டு மூடிய உப்புக் குவியல்கள். மரம் என்று ஒன்றுகூடக் கிடையாது. பைபாஸில் லாரி போகும்போது தரை அதிர்கிறது. சிமெண்டுப் பலகையில் வரிசை எண் போட்டிருக்கிறார்கள். பைக்கில் போய் இறந்த ஒரு பையன், கறுப்புக் கண்ணாடி போட்ட படத்தோடு. பெயர் வைப்பதற்கு முன்பே போன இரண்டு குழந்தைகள். கப்பல் வேலைக்கு வந்த யாரோ ஒரு வடநாட்டுக்காரர். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை எல்லாப் பெயர்களையும் வாசித்தேன். எனக்கும் ஒருவரையும் தெரியவில்லை.

வீட்டு வாசலில் ஆட்டோக்காரர், "ஆச்சி, ரொம்ப நேரம் நின்னுருக்கேன், பாத்து அட்ஜஸ்ட் பண்ணிக் குடுங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கூடக் குடுன்னு கேளுப்பா. கேக்க வெக்கமா இருந்தா கேக்காத. கேக்காத மாதிரி கேக்காத" என்றேன். அவர் பயந்துபோய்க் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கேட்டிருந்தால் கூடக் கொடுத்திருப்பேன்.

இப்போது உட்கார்ந்து யோசிக்கையில் தோன்றுகிறது. இத்தனை நாளாக இந்தச் சொல்லை என்னிடம் சொன்னவர்கள் எல்லாருமே என்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டவர்கள். ஒருவர்கூடக் கொடு என்று கேட்டதில்லை. பவுலீனா வந்ததிலிருந்து உப்புக் குழம்புக்கு ஒரு தடவை அந்தச் சொல்லைச் சொன்னாள். குழிக்குச் சொல்லவில்லை.

அக்டோபர் 30, புதன்

தெருவெல்லாம் வெடிச் சத்தம். பவுலீனா கஞ்சி மட்டும் குடிக்கிறாள். ரேடியோவை நான்தான் போட்டு விடுகிறேன். சத்தமே இல்லாவிட்டால் வீடு என்னவோ போல் இருக்கிறது.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். பவுலீனாவிடம் முத்துக்கனியை உட்கார வைத்துவிட்டு, மாலை நான்கு மணிக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு போனேன். நல்ல வேளையாக மழை இல்லை. எல்லாக் கல்லறைக்கும் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. கல்லறைத் தோட்டத்து நடுவில் பந்தல் போட்டுப் பூசை.

மன்றாட்டு நேரத்தில் கோவில் உபதேசியார் சவரிராயன் மைக் முன்னால் நின்று, இங்கே துயில்கிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். அலோசியஸ் மச்சாடோ என்றார். நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். அடுத்த மூச்சில், "ஹில்டா மச்சாடோ" என்றார்.

கூட்டம் முழுவதும், "நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் சுவாமி" என்றது.

எனக்குப் பக்கத்திலிருந்த எதிர்வீட்டு அம்மாளும் சொல்லி முடித்துவிட்டு, திரும்பி என் முகத்தைப் பார்த்து, வாயில் கையை வைத்துக்கொண்டார்.

பூசை முடிந்ததும் நேராக உபதேசியாரிடம் போனேன்.

"என்ன உபதேசியாரே, என்னைய எப்ப அடக்கம் பண்ணீங்க?"

மனிதர் வெலவெலத்துப் போனார். "இளைஞர் மன்றப் புள்ளயள கல்லுகளப் பாத்துப் பேர எழுதிட்டு வாங்கன்னு சொன்னேம்மா. பேரு இருக்குன்னு எழுதிட்டாவ, தேதி இல்லங்கிறதப் பாக்கல போல. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்கம்மா. ஜெபம் ஒண்ணும் வீணாப் போவாது. பெறவுக்கு ஆவும்."

இருநூறு பேர் எனக்காகச் செபித்ததைப் பெறவுக்கு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

எங்கள் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தியை ஏற்றினேன். என் பெயர் நல்ல எழுத்தில்தான் இருக்கிறது. பிழை ஒன்றும் இல்லை. செத்தவர்களோடு சேர்த்து வாசித்தால் எனக்குப் பதறும் என்று நினைத்திருந்தேன். பதறவில்லை. ஆறு மணிக்குப் பவுலீனாவுக்கு மருந்து கொடுக்க வேண்டும், முத்துக்கனிக்கு எந்தப் பாட்டில் என்று தெரியாது, அதுதான் மனதில் ஓடியது.

மன்னிப்புக் கேட்க ஃபாதர் ஜெனிஸ்டன் அங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்.

"அத விடுங்க" என்றேன். "அன்னைக்கு ஒரு விஷயம் கேட்டீங்கல்லா. இப்பக் கேளுங்க."

"எதும்மா? அந்த… நீங்க அட்ஜஸ்ட் பண்…"

"அந்தச் சொல்லு வேண்டாம். நேராக் கேளுங்க."

"பவுலீனா ஆச்சிக்கு ஒங்க எடத்தக் குடுப்பீங்களாம்மா?"

"குடுக்கேன்."

அவர் எதையோ சொல்ல ஆரம்பித்தார். ஆசீர்வாதம், தியாகம் என்று போனது. மருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வந்துவிட்டேன்.

வீட்டில் கஞ்சியை ஊட்டிக்கொண்டே பவுலீனாவிடம் விஷயத்தைச் சொன்னேன். வாயில் இருந்த கஞ்சியை விழுங்கக்கூட மறந்துவிட்டாள்.

"அண்ணன் பயங்கரமாக் குறட்ட விடுமே மைனி."

"எனக்குத் தெரியாதா?"

"நான் ஓரமாப் படுத்துக்கிடுதேன். நடுவுல ஒங்களுக்கு எடம் கெடக்கட்டும். நீங்க வந்தப்பெறவு நாம அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுவோம்."

திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அடுத்த கரண்டியை எடுத்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

காலை ஒன்பது மணிக்குப் பவுலீனா போய்விட்டாள். கண்ணைத் திறந்து ஒரு முறை பார்த்தாள். பக்கத்தில் நான் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நவம்பர் 11, திங்கள்

அடக்கம் சனிக்கிழமை நடந்தது. விடுதியில் அவள் கையால் சாப்பிட்ட பெண்கள் மூன்று வேன்களில் வந்தார்கள். ஐம்பது வயதுக்காரி முதல் காலேஜ் படிக்கிறவள் வரை. பழைய கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. ரெக்ஸ் வந்திருந்தான். அழுதான். என்னை மஸ்கட்டுக்கு வந்துவிடச் சொன்னான். அங்கே வந்து நான் செத்தால் பெட்டியை விமானத்தில் ஏற்றி இறக்க இவன் படும் பாட்டை நினைத்துப் பார்த்தேன். வர முடியாது என்றுவிட்டேன்.

இன்று காலையில் கல் வெட்டுகிறவரைக் கல்லறைக்கு வரச் சொல்லியிருந்தேன். கல்லைச் சுற்றி வந்து விரலால் அளந்தார்.

"ஆச்சி, ஒங்க பேருக்குக் கீழ நாலு வெரல் எடம் கெடக்கு. சின்ன எழுத்தாப் போட்டு அட்ஜஸ்ட் பண்ணிரலாம்."

"முடியாது. என் பேரத் தேச்சி எடுங்க. அந்த எடத்துல பவுலீனா மச்சாடோன்னு அவ அண்ணன் எழுத்து அளவுக்கே வெட்டுங்க. 'லீ' நெடில். பாத்துக்கிட்டு இங்கயே நிக்கேன்."

"அப்ப ஒங்க பேரு?"

"அது அப்புறம்."

வெயிலில் நின்றேன். என் பெயர் மாவாகக் கொட்டிக் காற்றில் போயிற்று. வேலை சுத்தமாக இருக்கிறது.

பவுலீனா நடுவில் எவ்வளவு இடம் விட்டிருந்தாலும் விதி விதிதான். அடுத்த முறை அந்தக் குழியைத் திறக்கும்போது எனக்குத் தொண்ணூறு வயது. அதற்கு ஒரு நாள் முன்னால் போனாலும் எனக்கு உப்பளத்துப் பக்கம் முதல் வரிசைதான். ஆகவே இனிப் பன்னிரண்டு வருடத்துக்கு நான் சாக முடியாது. நான் கேட்டா இந்த வேலையை வாங்கினேன்?

மதியம் டாக்டரிடம் போனேன். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை எல்லையைத் தாண்டி நிற்கிறதாம். "இந்த வயசுக்கு இது பெரிய விஷயம் இல்ல, ரொம்பக் கட்டுப்பாடு வேண்டாம்" என்றார். தொண்ணூறு வரைக்கும் இருக்க வேண்டும், அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் சொல்லுங்கள் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எழுதிக் கொடுத்தார். காலையில் அரை மணி நேரம் நடை. அரிசி குறைவு. கருவாடு அறவே கூடாது.

வரும் வழியில் நடப்பதற்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். நீலம். வேறு நிறம் என் அளவில் இல்லை.

முத்துக்கனியிடம் காபியில் சர்க்கரை போடாதே என்று சொல்லிவிட்டேன். இன்று சாயங்காலம் முதல் டம்ளர். வாயில் வைக்க முடியவில்லை. முழுவதும் குடித்தேன்.